தேரி மணலும் கார்பைடு பூசின ரொட்டவேட்டர் பிளேடும்

டிராக்டருக்குப் பின்னால மாட்டி மண்ணைக் கிளறுற ரொட்டவேட்டரோட பிளேடுல, தேயாம இருக்க டங்ஸ்டன் கார்பைடு பூசுறதைப் பத்திச் சொல்றேன். வாடகைக்கு ரொட்டவேட்டர் ஓட்டுறவங்களுக்குத்தான் இது. சொந்த வயலுக்கு மட்டும் எப்பவாவது இறக்குறவங்க புது பிளேடே வாங்கி மாட்டிக்கிடலாம், இந்தச் செலவு வீண்.

நம்ம வண்டி களக்காட்டு வாழைத் தோட்டத்துலயும் ஓடும், திசையன்விளை முருங்கைக் காட்டுலயும் ஓடும். களக்காட்டுல ஒரு தொந்தரவும் இல்ல. தேரிச் செம்மணல்ல இறக்கினாத்தான் எல் (L) மாதிரி வளைஞ்ச பிளேடோட வளைவு கண்ணு முன்னாலயே தேயும். மணல்ல பெரும்பாலும் குவார்ட்ஸ்ங்கிற படிகக் கல். கடினத்தைக் காட்டுற மோஸ் அளவுல வைரம் 10னா குவார்ட்ஸ் 7. பிளேடு என்னதான் பதம் ஏத்தின போரான் எஃகா இருந்தாலும் அதவிட மெத்துதான்; மணல் அரம் போட்ட மாதிரி அராவிட்டே போவும். டங்ஸ்டன் கார்பைடு 9ஐ ஒட்டி நிக்கும், அதை மணலால ஒண்ணும் பண்ண முடியாது. போர் போடுற வண்டியில பாறையைக் குடையுற பிட்டோட பட்டன் இதே சரக்குதான். லேத்துக்காரங்க விடியான்னு சொல்ற துண்டும் இதுதான். 1926லேயே ஜெர்மனியில குரூப் (Krupp) கம்பெனி அந்தப் பேர்ல வித்தது.

பிளேடைப் பூச நான் கொடுத்தது வள்ளியூர் பக்கம் ஒரு சின்ன வெல்டிங் பட்டறையில. பத்த வைக்கிற வெல்டிங் ராடு வெளியில இரும்புக் குழல், உள்ள கார்பைடுக் குருணை. பத்த வச்சா குழல் உருகி பிளேடுல ஒட்டும், குருணை உருகாம அதுல பதிஞ்சு நிக்கும். கோவில்பட்டி கடலைமிட்டாய்தான் கணக்கு: கடலை குருணை, பாகு இரும்பு. கடலை எவ்வளவு கெட்டியா இருந்தாலும் பாகு விட்டுட்டா உதிர்ந்துரும். பொடி மணல் குருணைக்கு நடுவுல உள்ள இரும்பைத்தான் முதல்ல அரிக்குது. பிடிமானம் போனதும் குருணை முழுசா கழண்டு விழுது. அதனால குருணை நெருக்கமா இருக்கணும், நடுவுல உள்ள இரும்பும் கொஞ்சம் கெட்டியா இருக்கணும்.

பட்டறைக்காரர் இதுல கைதேர்ந்தவர். கரண்டைக் கூட்டி வச்சா சீக்கிரம் முடியுமேன்னு கேட்டேன். "அது ஆவாது அண்ணாச்சி, குருணை கரைஞ்சு போவும், கரையாதது அடியில போய் உக்காந்துக்கிடும்"ன்னார். நியாயந்தான். டங்ஸ்டன் கார்பைடு தனியா உருக 2,800 டிகிரி செல்சியஸ் பக்கம் வேணும், ஆனா உருகின இரும்புக்குள்ள கிடந்தா அதுக்கு ரொம்ப முன்னாலயே கரைய ஆரம்பிச்சிரும். எடையும் எஃகைப்போல ரெண்டு மடங்கு: ஒரு கன சென்டிமீட்டர் எஃகு 7.8 கிராம், இது 15.6. கொழகொழன்னு உருக விட்டா மேல வெறும் இரும்புதான் மிஞ்சும்.

பூச்சை ஒரு பக்கம் மட்டும்தான் போட்டுத் தந்தார். பாதி வேலைக்கு முழுக் கூலியான்னு முதல்ல எரிச்சலாத்தான் இருந்துது. காட்டுல இறக்கின பிறகுதான் விஷயம் பிடிபட்டுது. பூசாத பக்கம் முன்னால தேயுது, பூசின பக்கம் உதடு மாதிரி நீட்டிக்கிட்டு நிக்குது, முனை தானாக் கூராவே இருக்கு. வண்டியை நிறுத்திப் பெருவிரலால தடவிப் பாத்தேன். வழவழப்பே இல்ல, உப்புத்தாள் மாதிரி சொரசொரன்னு ஒவ்வொரு குருணையும் தனித்தனியா தட்டுப்பட்டுது. சாதா பிளேடு ரெண்டு செட் தேயுற வேலைக்கு இது ஒரே செட் தாக்குப்பிடிச்சுது, இன்னும் மிச்சம் இருக்கு. டீசலும் கொஞ்சம் குறையுற மாதிரி தோணுது, ஆனா அதை அளந்து பாக்கல.

கல்லுக்காடா இருந்தா இந்தப் பக்கமே வராதீங்க. நாங்குநேரி பக்கம் ஒரு சரளைக் காட்டுல ஓட்டினப்ப பூச்சு சில்லு சில்லாப் பேந்துட்டு. தேய்மானத்தைத் தாங்குறது எல்லாம் அடியைத் தாங்காது. அங்கல்லாம் சாதா பிளேடுதான் சரி. சேரன்மகாதேவி பக்கம் நெல்லுக்குத் தொழி அடிக்கிறவங்களுக்கு (தண்ணி கட்டிச் சேத்துழவு ஓட்டுறவங்களுக்கு) குரோமியம் கார்பைடு ராடு போதும், விலையும் பாதிக்குக் கீழ. அதுல பூச்சுக்குக் குறுக்க மயிர்க்கோடு மாதிரி வெடிப்பு விழும். பயப்பட வேண்டாம், ஆறும்போது இழுக்குற இழுவையில வர்றதுதான். வெடிப்பு பிளேடுக்குள்ள இறங்கினாத்தான் ஆபத்து.

இதுக்கு முன்னால வேற ஒரு இடத்துல கொடுத்திருந்தேன், பேர் வேண்டாம். போல்ட் ஓட்டை வரைக்கும் செவக்கச் செவக்கக் காய்ச்சிட்டாங்க. பதம் போன இடத்துல பிளேடு ரெண்டா முறிஞ்சு மேல மூடியிருக்கிற கார்டுத் தகட்டுல அடிச்சுது. அப்ப பக்கத்துல ஆள் இல்லாதது அந்த மாடசாமி புண்ணியம்.

இப்ப கொடுக்குற பட்டறைமேலயும் குறை இருக்கு. சொன்ன நாளுக்குத் தர்றதே இல்ல. போன் எடுக்க மாட்டாங்க. கூலி புது பிளேடு விலையில முக்கால்வாசி வந்துருது. ஒண்ணு ரெண்டு பிளேடைக் கொண்டு போனா வாங்க மாட்டாங்க, செட்டா வேணும்பாங்க. அது நல்லதுக்குத்தான், ஒரு பக்கம் மட்டும் எடை கூடினா ரோட்டார் உதறி பேரிங்கை அடிச்சுப் போடும்.

தேரி மண்ணுல ஓட்டுறவங்களுக்கு அஞ்சுக்கு நாலு நட்சத்திரம் தாராளமாக் கொடுப்பேன். தேஞ்சு மெலிஞ்ச பிளேடைக் கொண்டு போகாதீங்க, சூட்டுல வளைஞ்சிரும், புதுசுலேயே பூசிருங்க. புரட்டாசி பிறந்துட்டா பிசான நெல் பருவத்து உழவுக்காரங்க வந்து குவிஞ்சிருவாங்க, அதனால ஆவணியிலேயே கொண்டு போட்டுருங்க.