மண வயலட்டும் நாய் வயலட்டும்

ஐரோப்பியக் காட்டோரங்களில் வசந்தகாலத்தில் ஊதா நிறத்தில் பூக்கும் இவ்விரு பல்லாண்டுச் செடிகளையும் பலர் ஒன்றெனவே கருதிவிடுகின்றனர். பின்னதற்கு ‘நாய்’ என்ற அடைமொழி வந்தது, மணமற்றது என்னும் இளக்காரத்தால்தான். ஆனால் மணத்தை மட்டும் நம்பி அடையாளம் காண்பது சரியன்று. மண வயலட்டிலுள்ள அயனோன் என்னும் வேதிப்பொருள் மூக்கின் உணர்வைச் சற்று நேரம் மழுங்கச் செய்வதால், முதல் முகர்வில் கிட்டிய மணம் அடுத்ததில் காணாமல் போய்விடும். பூவைத் திருப்பி, பின்புறமுள்ள பச்சைப் புல்லிதழ்களைப் பார்த்தால் ஐயம் தீரும்: மண வயலட்டில் அவற்றின் நுனி மழுங்கியும், நாய் வயலட்டில் கூராகவும் இருக்கும்.

பயன்பாட்டில் மண வயலட்டே முந்துகிறது. தெற்கு பிரான்சின் டூரெட் சூர் லூ பகுதியில் நறுமணத் தொழிலுக்காக அதன் இலைகளை அறுவடை செய்கின்றனர். யுனானி மருத்துவர்கள் அதனைப் பனப்ஷா என்ற பெயரில் இருமலுக்குத் தருகின்றனர். நாய் வயலட்டை நாடுவன பிரிட்டனின் ஃப்ரிட்டிலரி வண்ணத்துப்பூச்சிகளில் சில வகைகள்; அவற்றின் புழுக்களுக்கு அதன் இலைகள் முக்கிய உணவு.

இரண்டுக்கும் அரைநிழலும் இலைமக்கு கலந்த ஈர மண்ணும் ஏற்றவை. மண வயலட்டின் வேர்விட்ட ஓடுதண்டை வெட்டி நட்டாலே போதும். ஓடுதண்டில்லாத நாய் வயலட்டை, குளிர்காலத்தைக் கடந்தபின் முளைக்கும் விதையிலிருந்து வளர்ப்பதற்குப் பொறுமை வேண்டும். தொடக்கநிலைத் தோட்டக்காரருக்கு முன்னதையே பரிந்துரைப்பேன்.