கிளப்பின் கடனைத் தோண்டிப் பார்க்க ஓர் இலவச இணையதளம்: கம்பெனீஸ் ஹவுஸ்

வங்கியின் கடன் பிரிவில் பல வருடம் இருந்தவன் நான். எந்த நிறுவனத்தின் கணக்கைக் கையில் எடுத்தாலும், லாபத்தைப் பார்ப்பதற்கு முன் எந்தச் சொத்து யாரிடம் அடமானத்தில் இருக்கிறது என்று தேடுவது பழக்கமாகிவிட்டது. கால்பந்து பார்க்கும்போதும் அது விடவில்லை. அதற்குத் தோதாகக் கிடைத்தது பிரிட்டன் அரசின் கம்பெனிப் பதிவகமான கம்பெனீஸ் ஹவுஸின் இணையதளம். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் கிளப்புகளை நடத்தும் நிறுவனங்களின் ஆண்டுக் கணக்கு, இயக்குநர் பட்டியல், அடமான விவரம் எல்லாம் அங்கே இருக்கின்றன. 2015 முதல் இந்த ஆவணங்கள் இலவசம். பார்ப்பதற்கு லாகின்கூட வேண்டாம்.

ஒரு கிளப்பின் பெயரைத் தட்டித் தேடினால் வரும் நிறுவனம் பெரும்பாலும் அடுக்கில் கீழே இருக்கும் ஒன்றுதான். கடன் மேலே எங்காவது இருக்கும். மான்செஸ்டர் யுனைடெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2005இல் கிளேசர் குடும்பம் கடன் வாங்கி அந்தக் கிளப்பை வாங்கியது. அதில் பெரும் பகுதி கிளப்பின் தலையிலேயே ஏறியது. அந்தக் கதையைப் படிக்க ‘ரெட் ஃபுட்பால்’ என்று தொடங்கும் நிறுவனங்களை ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டும். உச்சியில் இருக்கும் நிறுவனம் கேமன் தீவுகளில் பதிவானது, 2012 முதல் நியூயார்க் பங்குச் சந்தையில் இருக்கிறது. அதனால் கடைசிப் படியை இந்தத் தளத்தில் ஏற முடியாது, அமெரிக்காவில் தாக்கல் செய்த அறிக்கைகளுக்குத்தான் போக வேண்டும். மற்ற கிளப்புகள் பலவற்றில், உரிமையாளர் யார் என்று காட்டும் பகுதியைப் பிடித்துக்கொண்டே மேலே போய்விடலாம்.

எனக்கு இந்தத் தளத்தில் மிகவும் பிடித்தது ‘சார்ஜஸ்’ என்ற பக்கம். பலர் அதைத் திறப்பதே இல்லை. ஒரு நிறுவனம் தன் சொத்தைப் பிணையாக வைத்துக் கடன் வாங்கினால், அதை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். பதிவு செய்யாவிட்டால், கிளப் திவாலாகும்போது கடன் கொடுத்தவருக்கு அந்தப் பிணை செல்லாமல் போய்விடும். அதனால் பணம் கொடுப்பவரே துரத்திப் பதிவு செய்துவிடுவார். ஆண்டுக் கணக்கு எவ்வளவு தாமதமானாலும் இந்தப் பக்கம் புதிதாகவே இருக்கும்.

ஒப்பந்தத்தைத் திறந்தால் எதைப் பிணை வைத்திருக்கிறார்கள் என்று தெரியும். மைதானமா, வரப்போகும் டிவி உரிமைப் பணமா, விற்ற வீரருக்கு இன்னொரு கிளப் தவணையாகத் தர வேண்டிய பாக்கியா? லெஸ்டர் சிட்டியின் கோப்பில் மக்வாரி என்ற ஆஸ்திரேலிய வங்கியின் பெயரைப் பார்க்கலாம். இதைப் பார்த்ததும் பதற வேண்டியதில்லை. வர வேண்டிய பணத்தைக் கொஞ்சம் கழிவு கொடுத்து முன்கூட்டி வாங்குவது வங்கியில் நாங்கள் தினமும் செய்த பில் டிஸ்கவுண்டிங்தான். வருமானம் உறுதியாக இருக்கும்வரை அதில் தவறில்லை. உறுதியில்லாத வருமானத்தை நம்பி வாங்கும்போதுதான் சிக்கல். லீட்ஸ் யுனைடெட் 2001இல் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி வரை போனது. அதே காலத்தில் வரும் 25 ஆண்டு டிக்கெட் வருமானத்தைக் காட்டி 6 கோடி பவுண்டு வாங்கியது. 2004இல் பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கியது, 2007இல் திவால் நிர்வாகத்துக்கு, அதாவது கடனைக் கட்ட முடியாமல் வெளி நிர்வாகியின் கைக்கு, போனது.

அப்புறம் ஆண்டுக் கணக்குகள். இங்கே தளத்தைவிடச் சட்டத்தின் மீதுதான் எனக்கு வருத்தம். தனியார் நிறுவனங்களுக்கு ஒன்பது மாத அவகாசம் உண்டு. ஜூனில் முடிந்த நிதியாண்டின் கணக்கு அடுத்த மார்ச்சில்தான் கண்ணில் படும். அதையும் தாண்டினால் அபராதம் 150 பவுண்டில் தொடங்கி அதிகபட்சம் 1,500 பவுண்டு. அடுத்த ஆண்டும் தாமதித்தால் இரட்டிப்பு. ஒரு முன்னணி வீரர் அந்தப் பணத்தைப் பயிற்சிக்குக் காலணி மாட்டும் நேரத்தில் சம்பாதித்துவிடுவார், கிளப் எதற்குப் பயப்படப்போகிறது?

டெர்பி கவுன்ட்டியின் பக்கத்தைப் பார்த்தால் இது புரியும். 2018இல் தன் மைதானமான பிரைட் பார்க்கை உரிமையாளரின் இன்னொரு நிறுவனத்துக்குச் சுமார் 8.1 கோடி பவுண்டுக்கு விற்றது. அந்த ஆண்டுக் கணக்கில் 1.46 கோடி லாபம். விற்பனை இல்லையென்றால் அது பெரிய நட்டம். அதற்குப் பிறகு கணக்கே வரவில்லை. 2021 செப்டம்பரில் திவால் நிர்வாகம், அந்த சீசனில் மொத்தம் 21 புள்ளிகள் வெட்டு, மூன்றாம் நிலைக்கு இறக்கம். முகப்பிலேயே ‘கணக்கு தாமதம்’ என்று போட்டிருந்தால் அதைச் செய்தியாகவே எடுத்துக்கொள்ளுங்கள். கணக்கைக் கொடுக்காததும் ஒரு கணக்குதான் என்பார் எங்கள் பழைய மேனேஜர்.

கணக்கு வந்துவிட்டால், முதல் பக்கத்தில் தலைவர் எழுதியிருக்கும் பெருமைகளைத் தாண்டிப் போங்கள். நான் நேராகப் போவது தணிக்கையாளர் அறிக்கைக்கு. ‘தொடர்ந்து இயங்குமா என்பதில் குறிப்பிடத்தக்க ஐயம்’ என்ற வகையில் ஒரு பத்தி இருந்தால் மீதியை நிதானமாகப் படிக்கலாம். அடுத்து, உறவு நிறுவனங்களோடு நடந்த கொடுக்கல் வாங்கல் பற்றிய குறிப்பு. செல்சி 2023 கணக்கில் இரண்டு ஹோட்டல்களைச் சகோதர நிறுவனத்துக்கு 7.65 கோடி பவுண்டுக்கு விற்றிருந்தது. அடுத்த ஆண்டு பெண்கள் அணியைத் தாய் நிறுவனத்துக்கு மாற்றி 12.84 கோடி லாபம் காட்டியது. ஒரே வீட்டில் வலது பையிலிருந்து இடது பைக்குப் போன பணம் அது. இந்த வேடிக்கையை லாப நட்டக் கணக்கு மறைக்கும், பின்னால் இருக்கும் குறிப்புகள் சொல்லிவிடும்.

கடன் எவ்வளவு என்பதைவிட யாருக்கு என்பதைத்தான் நான் பார்ப்பேன். ரஷ்யக் கோடீஸ்வரர் ரோமன் அப்ரமோவிச் உரிமையாளராக இருந்த காலத்தில் செல்சியின் தாய் நிறுவனமான ஃபோர்ட்ஸ்டாம் அவருக்குத் தர வேண்டியிருந்தது சுமார் 150 கோடி பவுண்டு. வட்டி கிடையாது, கேட்டு நெருக்கவும் ஆள் இல்லை. அந்த எண்ணை மட்டும் பார்த்தால் கிளப் இன்றோ நாளையோ என்றிருக்கும். உண்மையான ஆபத்து அந்த ஒரு மனிதரைச் சார்ந்திருந்ததில்தான் இருந்தது. 2022 மார்ச்சில் பிரிட்டன் அவர் மீது தடை விதித்தவுடன் கிளப்பின் கை கட்டப்பட்டது, மே மாதம் கைமாறியது.

குறைகள் சில உண்டு. கோப்புகள் பல ஸ்கேன் செய்த படங்கள்; சொல்லைத் தேட முடியாது, கண்ணால் வரி வரியாகத்தான் போக வேண்டும். சிறிய நிறுவனங்களுக்குச் சட்டம் சலுகை தருவதால், கீழ்நிலை லீக் கிளப்புகள் பல இருப்புநிலைக் குறிப்பை மட்டும் கொடுத்துவிட்டு லாப நட்டக் கணக்கை விட்டுவிடலாம். கஷ்டத்தில் அதிகம் மாட்டுவதும் இவைதான். 125 ஆண்டு லீக்கில் ஆடிய பரி என்ற கிளப், 2019 ஆகஸ்டில் அதிலிருந்து வெளியேற்றப்பட்டது. அப்படிப்பட்ட கிளப்புக்குச் சார்ஜஸ் பக்கம் ஒன்றுதான் துணை.

திவாலான கிளப்புக்கு ‘இன்சால்வன்சி’ என்று இன்னொரு பக்கம் திறக்கும். பிரீமியர் லீக்கில் இருக்கும்போதே திவால் நிர்வாகத்துக்குப் போன முதல் கிளப் போர்ட்ஸ்மவுத், 2010இல். அது பாக்கி வைத்திருந்தவர்களின் பட்டியலில் முதலுதவித் தொண்டு நிறுவனமான செயின்ட் ஜான் ஆம்புலன்ஸும் இருந்தது. வீரர்களுக்கும் மற்ற கிளப்புகளுக்கும் முழுப் பணம் போக வேண்டும் என்பது லீக்கின் விதி. மைதானத்தில் முதலுதவி செய்தவர்களுக்கு அப்படி எந்த விதியும் இல்லை. இந்தப் பட்டியல்களைப் படிக்கும்போது எனக்கு இன்னும் கோபம் வரும்.

கணக்கு வாசிக்கத் தெரியாதவர்களுக்கு இந்தத் தளம் எதையும் விளக்காது. அதற்கு நீங்கள் வேறு இடம் பார்க்க வேண்டும். தெரிந்தவர்கள், இலவசமாகப் பதிவு செய்துகொண்டு, தங்கள் கிளப்பின் பக்கத்தில் ‘ஃபாலோ’ பொத்தானை அழுத்திவிடுங்கள். புதிய ஆவணம் வந்தால் மின்னஞ்சல் வரும். அடுக்கில் உள்ள எல்லா நிறுவனங்களையும் சேர்த்துக்கொள்வது முக்கியம். இயக்குநர் முகவரி மாற்றம் என்று வந்தால் அப்படியே விட்டுவிடலாம். புதிய சார்ஜ் அல்லது தணிக்கையாளர் விலகல் என்றால் அன்றே திறந்து படியுங்கள்.