ஆப்ட்டுடன் மல்லுக்கட்டுவதா, பெட்டிக்குள் போடுவதா?

சிங்கப்பூர் யீஷூனில் மாமாவின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டு ஸ்டோர் ரூமில் மூன்று அட்டைப்பெட்டி நிறையப் பழைய பொங்கல் மலர்களும் சங்கக் கூட்டக் குறிப்புகளும் கிடந்தன. எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, தமிழில் தேடக்கூடிய பிடிஎஃப் ஆக்கித் தருகிறேன் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். கையில் இருந்தது சிம் லிம் ஸ்குவேரில் வாங்கிய பழைய மடிக்கணினி. அதில் டெபியன் 11 என்ற லினக்ஸ் இயங்குதளம். ஸ்கேனர் அதைவிடப் பழசு. அதன் டிரைவர் டெபியன் 11-ஓடு நின்றுவிட்டது.

டெபியன் 11-இன் ரெப்போவில், அதாவது நிரல் கிடங்கில், இருப்பது படத்திலிருந்து எழுத்தை உணரும் டெசராக்ட் 4.1. எனக்கு வேண்டியது 5, கூடவே ஸ்கேன் செய்த பிடிஎஃப்பைத் தேடக்கூடியதாக்கும் புதிய ஓசிஆர்மைபிடிஎஃப். இரண்டும் டெபியன் 12-இல் இருக்கின்றன. ரெப்போ பட்டியலில் ஒரு வரி சேர்த்தால் முடிந்தது என்று நினைத்தேன். அங்கேதான் டிபென்டன்சி என்கிற சார்புச் சிக்கல் கழுத்தைப் பிடித்தது. ஸ்கேனர் டிரைவரோடு வரும் ஒரு துணை பேக்கேஜ் (நிறுவக்கூடிய நிரல் பொதி), பைத்தான் மொழியின் பதிப்பு 3.10-க்குக் கீழேதான் வேண்டும் என்கிறது. ஓசிஆர்மைபிடிஎஃப் நம்பியிருக்கும் பைக்பிடிஎஃப் என்ற நூலகம், 3.11-க்குக் குறையக் கூடாது என்கிறது. டெபியனில் இயல்பான பைத்தான் 3 ஒன்றுதான். இந்த இருவரையும் ஒரே வீட்டில் குடிவைக்க எந்தக் கொம்பனாலும் முடியாது.

டெபியனில் பேக்கேஜ்களை நிறுவும் கருவியான ஆப்ட் இதை நேராகச் சொல்லவும் இல்லை. நான் எதையும் பிடித்து வைக்காதபோதே 'உடைந்த பேக்கேஜ்களைப் பிடித்து வைத்திருக்கிறாய்' என்று கடைசி வரியில் பழி போட்டது. அந்த வரியை மறந்துவிடுங்கள். அதற்கு மேலே உள்ள உள்தள்ளிய வரிகளில்தான் யாருக்கு யார் ஆகாது என்ற விவரம் இருக்கும். அதே வேலையைச் செய்யும் இன்னொரு கருவியான ஆப்டிட்யூட் பரவாயில்லை, ஒன்று பிடிக்கவில்லை என்றால் அடுத்த தீர்வைக் காட்டும். ஆனால் இரவு பன்னிரண்டு மணிக்கு மூன்றாவது தீர்வைப் படிக்காமலே 'ஒய்' தட்டினேன். ஸ்கேனர் டிரைவர் போயிற்று. லிப்சி6 2.31-இலிருந்து 2.36-க்கு ஏறிவிட்டது.

இந்த லிப்சி6 விஷயத்தைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். நிரல்களுக்கு அடித்தளமான ஜிலிப்சி என்ற சி நூலகத்தின் டெபியன் பேக்கேஜ்தான் லிப்சி6. ஜிலிப்சியின் 2.34 பதிப்பில் ஒரு மாற்றம் வந்தது. அதன் பிறகு அதன்மேல் கட்டப்பட்ட எந்த நிரலும், புதிதாக எதையும் பயன்படுத்தாவிட்டாலும், குறைந்தது 2.34 இருந்தால்தான் ஓடும். ஆகவே டெபியன் 12-இலிருந்து ஒரு சின்ன நிரலை இறக்கினாலும் அடித்தளமே கூட வரும். வீவக புளோக்கில் நம் வீட்டுக் குழாயில் கை வைத்தால் கீழ்வீட்டுக் கூரை ஒழுகுமே, அந்தக் கதைதான். மேலே ஏறிய லிப்சியைக் கீழே இறக்குவதை டெபியன் ஆதரிப்பதில்லை. எந்தப் பதிப்பு வேண்டும் என்று ஆப்ட்டுக்குச் சொல்லும் 'பின்' (pin) முன்னுரிமையை 1000-க்கு மேல் வைத்தால் ஆப்ட் இறக்கத்தான் செய்யும், பிறகு உங்கள் பாடு. நான் தீபாவளி விடுமுறையில் கணினியை முழுசாகத் துடைத்து டெபியன் 11-ஐ மறுபடி போட்டேன்.

ஆப்ட் வழியிலேயே ஒழுங்கான முறை ஒன்று உண்டு: டெபியன் 12-இன் மூல நிரலை எடுத்து, டெபியன் 11-இலேயே கட்டிக்கொள்வது. அப்போது அது 2.31-ஓடு ஒத்துப்போகும். டெசராக்ட்டுக்கு இது சரிப்பட்டது. ஓசிஆர்மைபிடிஎஃப்புக்குப் பைத்தான் நூலகங்களை வரிசையாகக் கட்ட வேண்டியிருந்தது. நாலாவதில் கைவிட்டேன்.

நிரலை அதற்கு வேண்டிய நூலகங்களோடு தனியாகத் தரும் பிளாட்பேக்? லிப்ரேஆபிஸ் போன்ற திரை நிரல்களுக்கு நான் அதைத்தான் வைத்திருக்கிறேன். தமிழ்99 தட்டச்சும் அதில் எனக்கு ஓடுகிறது. ஆனால் நூறு கோப்புகளை ஒரு ஷெல் (கட்டளைத் திரை) வரியில் ஓட்டுகிறவனுக்கு அது ஒத்துவராது.

கடைசியில் நான் தங்கியது டிஸ்ட்ரோபாக்ஸில். வேறொரு லினக்ஸைக் கன்டெய்னர் என்கிற பெட்டிக்குள் ஓட்டும் போட்மேன் மேல் உட்காரும் ஷெல் ஸ்கிரிப்ட் அது. டெபியன் 11-இன் ரெப்போவில் இல்லை. நம் கோப்புகள் இருக்கும் ஹோம் டைரக்டரியிலேயே வைத்துக்கொள்ளலாம், கணினியின் எந்த பேக்கேஜையும் தொடாது. டெபியன் 12 பெட்டி ஒன்றை உருவாக்கி, உள்ளே வழக்கம்போல ஆப்ட் கொண்டு ஓசிஆர்மைபிடிஎஃப்பையும் டெசராக்ட்டின் தமிழ்க் கோப்பையும் நிறுவினேன். கர்னல் என்கிற மையக்கரு மட்டும் வெளியே இருப்பதுதான், நிரல்களும் நூலகங்களும் உள்ளே தனி. பெட்டிக்குள் இருக்கும் கட்டளையை வெளியே ஏற்றுமதி செய்யவும் வசதி உண்டு. டெர்மினலில் அடித்தால் அது எங்கே ஓடுகிறது என்றே தெரியாது. வெளியே பைத்தான் 3.9, உள்ளே 3.11. சண்டை தீர்ந்தது. ஒன்றரை ஜிபி இடம் போனது, அதைப் பற்றி எனக்குக் கவலையில்லை.

ஆனால் நான் இதன் பக்கம் சாய்ந்ததற்குக் காரணம் நிறுவிய நாள் இல்லை, அதற்குப் பிறகு வந்த மாதங்கள். சார்புச் சிக்கலை ஒரு மாலைக்குள் தீர்த்துவிடலாம். தீர்த்த பிறகு அதைக் கட்டிக்காப்பது யார்? 'பின்' வைத்து, பதிப்பு மாறாமல் ஹோல்ட் போட்டு ஒட்டவைத்த கணினியில் ஒவ்வொரு அப்டேட்டும் ஒரு பரீட்சை. ஏன் அந்த ஹோல்ட் போட்டோம் என்பது ஆறு மாதத்தில் நமக்கே மறந்துவிடும். நானே கட்டிய பேக்கேஜுக்குப் பாதுகாப்புத் திருத்தம் வந்தால் நானே மறுபடி கட்ட வேண்டும். பதிப்பு மாற்றும் நாளில் இந்த ஒட்டுவேலை எல்லாம் ஒரே நேரத்தில் எழுந்து நிற்கும். பெட்டியில் அந்தப் பாரம் இல்லை. கெட்டுப்போனால் ஒரு கட்டளையில் அழித்துவிட்டு, இன்னொன்று செய்துகொள்ளலாம். என்ன நிறுவினேன் என்பதை நாலு வரி ஸ்கிரிப்டாக எழுதி வைத்திருக்கிறேன், மாமா மகளே அதை ஓட்டிப் பெட்டியை மறுபடி உண்டாக்கினாள்.

அதற்காகப் பெட்டி தானாகப் பார்த்துக்கொள்ளும் என்று நினைத்துவிடாதீர்கள். நான் அப்படித்தான் நினைத்தேன். வெளியே தானியங்கி அப்டேட் ஓடிக்கொண்டிருக்க, உள்ளே நாலு மாதம் எதுவுமே மாறவில்லை. வெளியே இருக்கும் ஏற்பாடு பெட்டிக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. ஓசிஆர்மைபிடிஎஃப் பயன்படுத்தும், பிடிஎஃப்பைக் கையாளும் கோஸ்ட்ஸ்கிரிப்ட்டில் 2023-இல் மிகத் தீவிரமான பாதுகாப்பு ஓட்டை ஒன்று வெளியானது. கண்ட கண்ட பிடிஎஃப்பை உள்ளே போடுகிறவர்கள் இதை அலட்சியம் செய்யக் கூடாது. இப்போது வாரம் ஒருமுறை எல்லாப் பெட்டிகளையும் அப்கிரேட் செய்ய, குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் கிரானில் ஒரு வரி வைத்திருக்கிறேன். இன்னொன்று, டிஸ்ட்ரோபாக்ஸ் காவல் பெட்டி இல்லை. உங்கள் ஹோம் டைரக்டரி அப்படியே உள்ளே தெரியும், உள்ளிருந்து அழித்தால் வெளியேயும் போய்விடும். ஒரே நிரலின் இரண்டு பதிப்புகள் ஒரே அமைப்புக் கோப்பில் எழுதிக் குழப்பலாம். அதற்குத் தனி ஹோம் கொடுக்கும் வசதி இருக்கிறது, முதல் நாளே பயன்படுத்திவிடுங்கள்.

நிக்ஸ் என்கிற இன்னொரு பேக்கேஜ் கருவி பற்றிக் கேட்பீர்கள். ஒரு நூலகத்தின் பல பதிப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்ளும் அதன் ஏற்பாடு, இந்தச் சிக்கலுக்கு வேரிலேயே மருந்து. நான் அதை ஒரு வார இறுதிக்கு மேல் ஓட்டியதில்லை. அதன் மொழியைக் கற்க எனக்குப் பொறுமையும் இல்லை. அதனால் அதை மட்டம் தட்ட எனக்குத் தகுதி கிடையாது.

பெட்டியைத் தலைகீழாகவும் முயன்றேன்: புதிய டெபியனை வெளியே வைத்து, பழைய ஸ்கேனர் டிரைவரை டெபியன் 11 பெட்டிக்குள் தள்ளுவது. சாதாரணப் பெட்டியில் யுஎஸ்பி அனுமதி தடுத்துவிட்டது. நிர்வாகி அனுமதியோடு ஓடும் ரூட் பெட்டியில் ஒரு மாலை முழுக்க ஸ்கேன் ஓடியது, ஆனால் ஒரு மாலையை வைத்து யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். டெபியன் 11-இன் நீண்டகால ஆதரவுக்குக் கெடு 2026 ஆகஸ்ட் 31. "என்னப்பா, அதுக்குப் பிறகு ஸ்கேனரைத் தூக்கிப் போடணுமா?" என்றார் மாமா. ரூட் பெட்டி கைகொடுக்காவிட்டால், இந்த மடிக்கணினியின் வைஃபையை அணைத்து வெறும் ஸ்கேனிங்குக்கு மட்டும் வைத்துக்கொண்டு, எழுத்துணரும் வேலையை வேறு கணினிக்கு மாற்றிவிடுவோம் என்று சொல்லியிருக்கிறேன்.