பழைய சோனகத் தெருவில் வாங்கிய சொட்டுநீர்க் குழாய்

கிளிநொச்சியில் அப்பாவின் மிளகாய்த் தோட்டத்துக்காகக் கொழும்பு பழைய சோனகத் தெருக் கடையொன்றில் வாங்கினேன். 16 மில்லிமீற்றர் குழாய், நல்ல தரம். கடைசிச் செடி வரை ஒரே அளவாகச் சொட்டுகிறது. கூட வந்த வடிகட்டி மட்டும் சரியில்லை. நுண்மணலை விட்டுவிடுகிறது, துளை அடைக்கிறது. மெல்லிய வளையத் தட்டுகளை அடுக்கிச் செய்த தட்டு வடிகட்டியைத் தனியாக வாங்குங்கள்.

கடைக்கார அண்ணை நிலத்தின் அளவு, கிணற்றின் ஆழம் எல்லாம் கேட்டுத்தான் வெட்டித் தந்தார்.

எந்தப் பயிருக்கும் தண்ணீர் விடும் நேரம் முக்கியம். மத்தியதரைக் கடல் நாடுகளில் கோதுமை மாரிமழையில் வளர்ந்து, மணி முற்றும் வசந்தத்தில் தண்ணீருக்குத் தவிக்கும். அந்த நேரம் பார்த்துப் பாய்ச்சும் ஓரிரு தண்ணீரே விளைச்சலைத் தூக்கிவிடும். நம் மிளகாய்க்கும் பூக்கும் பருவத்தில் தண்ணீர் தவறக்கூடாது. அதற்கு இந்தக் குழாய் உண்மையாகவே கைகொடுக்கிறது.

அப்புறம், இணைப்பிகளை நாலைந்து கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். ஊரில் தேடி அலைய வேண்டிவரும்.