வளவு வீட்டின் வயரிங்: பாளையங்கோட்டை மின்பணிக் கடை ஒன்றைப் பற்றி

திருநெல்வேலி டவுனில் ரதவீதிகளை ஒட்டிய சந்துகளில் இன்னும் பல வளவு வீடுகள் (ஒரே வளாகத்துக்குள் வரிசையாக அமைந்த வீடுகள்) குடியிருப்பாக இருக்கின்றன. தார்சா (முன்கூடம்), பட்டாசாலை (உள்கூடம்), இரண்டாங்கட்டு, அடுக்களை, புறவாசல் என்று நீளவாக்கில் ஓடும் இவ்வீடுகளில், மர ரீப்பரின்மேல் கிளிப் அடித்துப் பொருத்திய பழைய வயர்கள்தாம் பல இடங்களில் இன்றும் மின்சாரத்தைச் சுமக்கின்றன. அவற்றின் ரப்பர் உறை காலப்போக்கில் இறுகி வெடித்துவிடுகிறது. ஓட்டுக்கூரைக்குள் புகும் அணிலும் எலியும் மிச்சத்தைக் கடித்துவிடுகின்றன. எங்கள் குடும்ப வீட்டிலும் பட்டாசாலை உத்தரத்தை ஒட்டிச் செம்பு வெளியே தெரிந்தது. அதைச் சரிசெய்து தந்த, பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கத்துச் சிறிய மின்பணிக் கடை ஒன்றின் வேலையைப் பற்றியது இம்மதிப்புரை. கடையில் இருப்பவர் இருவரே என்பதாலும், வருகிற வேலையையே முடிக்க இயலவில்லை என்று அவர்கள் கேட்டுக்கொண்டதாலும் பெயரைக் குறிப்பிடவில்லை.

இவர்களுக்கு முன் வந்த வேறொரு எலெக்ட்ரீசியன், மெயினைக்கூட அணைக்காமல் ஏணியில் ஏறி, செம்பு தெரிந்த இடத்தில் இன்சுலேஷன் டேப்பைச் சுற்றிவிட்டுக் கூலி வாங்கிச் சென்றார். சித்திரை வெயிலில் ஓட்டுக்கூரைக்கு அடியில் சேரும் சூட்டில் டேப்பின் பசை இளகி, சில மாதங்களிலேயே அது நூலாகப் பிரிந்து தொங்கியது. அந்த வயருக்குக் கீழேதான் என் தாயார் துணி காயப்போடும் கம்பி இருந்தது என்பதால் இதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பாளையங்கோட்டைக் கடைக்காரரிடம் எனக்கு முதலில் பிடித்தது, அவர் எதையும் தொடுவதற்கு முன் செய்த ஏற்பாடு. மெயின் சுவிட்சை அணைத்து, ஃபியூஸ் கேரியரைப் பிடுங்கித் தம் சட்டைப்பையிலேயே போட்டுக்கொண்டார். வீட்டில் வேறு யாரும் அறியாமல் மாட்டிவிட வழியில்லாமல் போயிற்று. அடுத்து இன்வெர்ட்டரை அணைத்து, அதிலிருந்து வீட்டு லைனுக்குப் போகும் இணைப்பைக் கழற்றினார். மெயினை அணைத்தவுடன் வீடு முழுவதும் மின்சாரம் நின்றுவிட்டது என்று நம்புவோர் பலர். ஆனால் இன்வெர்ட்டர் வழியாக ஓடும் லைட், ஃபேன் லைன்களில் அப்போதும் 230 வோல்ட் இருக்கும். பிறகு டெஸ்டரை, மின்சாரம் இருப்பது உறுதியாகத் தெரிந்த ஓரிடத்தில் வைத்து அது எரிகிறதா என்று பார்த்து, அதன்பின் கிழிந்த வயரில் வைத்து, மறுபடியும் பழைய இடத்திலேயே வைத்துச் சரிபார்த்தார். டெஸ்டரே பழுதாகியிருந்தால் எரியாத விளக்கை நம்பிக் கைவைத்துவிடுவோம் அல்லவா?

வயரைக் கிளிப்பிலிருந்து விடுவித்து அவர் விரலால் லேசாக வளைத்தபோது, உறை கருப்புத் தூளாகத் தரையில் உதிர்ந்தது. உள்ளே இருந்த செம்பு பச்சை பூத்திருந்தது. "அண்ணாச்சி, டேப்பு சுத்திட்டுப் போறதுன்னா அரைமணி நேரத்துல போயிருவேன். ஆனா வயரு முழுசும் செத்துப் போச்சி, இங்கன சுத்துனா அங்கன பிய்யும்" என்றார். சொன்னதோடு நிற்காமல், பல்புகளையும் மற்றக் கருவிகளையும் கழற்றிவிட்டு வயரின் உறையில் மின்கசிவு இருக்கிறதா என்று அளக்கும் 500 வோல்ட் மெகர் கருவி கொண்டு ஒவ்வொரு லைனையும் தனித்தனியாகச் சோதித்துக் காட்டினார். காப்பு மின்தடை, அதாவது கசிவைத் தடுக்கும் உறையின் திறன், ஒரு மெகா ஓமுக்குக் குறையக்கூடாது என்பது விதி. பட்டாசாலை லைனில் முள் ஏறக்குறைய சுழியத்திலேயே நின்றது. அரங்கு வீட்டு (உள்ளறை) லைன் நன்றாக இருந்ததால் அதை மாற்ற வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். வேலையைப் பெரிதாக்கிக் காட்டும் எண்ணம் அவருக்கு இல்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

புதிய வயர்கள் ஐ.எஸ். 694 என்ற இந்தியத் தர முத்திரையுள்ள செம்பு வயர்கள்: விளக்குக்கும் ஃபேனுக்கும் 1.5 சதுர மில்லிமீட்டர், பிளக் பாயின்ட்டுகளுக்கு 2.5, வெந்நீர் ஹீட்டருக்கு 4. சிவப்பு ஃபேஸ், கருப்பு நியூட்ரல், பச்சை எர்த் என்ற நிறவரிசையை எங்கும் மாற்றவில்லை. பழைய வயரிங்கில் சுவிட்சுகள் சில நியூட்ரலில் வைக்கப்பட்டிருந்தன. விளக்கு அணைந்திருந்தாலும் ஹோல்டரில் மின்சாரம் நிற்கும் அந்த ஆபத்தையும் கண்டுபிடித்து ஃபேஸுக்கு மாற்றினார். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் தாமிரபரணிக் கரையோரத்து வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்ததை நினைவில் வைத்து, தரையை ஒட்டியிருந்த பிளக் பாயின்ட்டுகளை இடுப்பு உயரத்துக்கு ஏற்றச் சொன்னதும் அவர்தான்.

இந்த வேலையின் உயிர்நாடி என்று நான் கருதுவது, மின்கசிவு கண்டால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கருவியைப் பொருத்தியதையே. ஃபியூஸுக்குப் பதிலாக வைக்கும், தானாக அணையும் சுவிட்சான எம்.சி.பி. இருந்தால் போதும் என்ற எண்ணம் நம் ஊரில் பரவலாக இருக்கிறது. எம்.சி.பி. அதிகச் சுமையையும் ஷார்ட் சர்க்யூட்டையும்தான் தடுக்கும். மனித உடல் வழியாகத் தரைக்குப் பாயும் சிறு மின்னோட்டம் அதற்குத் தெரியவே தெரியாது. ஃபேஸில் போன மின்சாரம் நியூட்ரலில் முழுவதுமாகத் திரும்பவில்லை என்பதை உணர்ந்து, 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே 0.3 வினாடிக்குள் இணைப்பைத் துண்டிப்பது ஆர்.சி.சி.பி. ஃபேஸையும் நியூட்ரலையும் ஒருசேரப் பிடித்தால் அதுவும் காப்பாற்றாது என்பதால், அதை நம்பி வயரைத் திறந்து வைக்கக்கூடாது என்றும் எச்சரித்தார்.

அதைப் பொருத்திய அன்று மாலையே ஒரு சிக்கல் வந்தது. புறவாசல் விளக்கைப் போட்டவுடன் வீடு முழுவதும் இருண்டது. கருவி கெட்டது என்று கழற்றி எறிய வேறொருவர் துணிந்திருப்பார். இவர் மறுநாள் வந்து, அந்த விளக்குக்கு ஃபேஸ் எங்கள் மீட்டரிலிருந்தும் நியூட்ரல் பக்கத்து வீட்டு மீட்டரிலிருந்தும் வந்திருப்பதைக் கண்டுபிடித்தார். வளவில் எல்லோரும் ஒரே குடும்பமாக இருந்த காலத்தில் யாரோ இழுத்த இணைப்பு அது. தனி நியூட்ரல் கொடுத்தபின் தொல்லை நின்றது. புறவாசலில் பழைய எர்த் குழிக்குப் போன இரும்புக் கம்பி துருவேறி அறுந்து கிடந்ததால், உப்பும் கரியும் இட்டுப் புதுக்குழியும் போட்டுத் தந்தார். கோடையில் வாரம் ஒருமுறை அதில் தண்ணீர் ஊற்றச் சொன்னார்.

மின்கம்பத்திலிருந்து மீட்டருக்கு வரும் சர்வீஸ் வயரும் சுவரில் உரசி உறை தேய்ந்திருந்தது. எவ்வளவு கேட்டும் அதில் கைவைக்க அவர் மறுத்துவிட்டார். மீட்டர் வரையுள்ளது மின்வாரியத்தாரின் வேலை என்று சொல்லி, அவர்களுடைய புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணில் பதிவு செய்யச் சொன்னார். அந்த மறுப்பை நான் இச்சேவையின் சிறப்பாகவே எண்ணுகிறேன்.

குறைகளும் உண்டு. வருவதாகச் சொன்ன நேரத்துக்கு வருவதில்லை. முன்கூட்டித் தகவல் சொல்வதும் இல்லை. தார்சாவின் சுண்ணாம்புச் சுவரில் பி.வி.சி. கேசிங்கை மூலைகளில் சரியாக வெட்டாமல் ஒட்டியிருக்கிறார்கள். இடைவெளி கண்ணை உறுத்துகிறது. சுவரில் வெட்டிய காடிகளைப் பூசுவது தங்கள் வேலையில்லை என்பதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். கொத்தனாருக்குத் தனிச்செலவு ஆயிற்று. எந்த எம்.சி.பி. எந்த அறைக்கு என்று நான் கேட்டபிறகே எழுதி ஒட்டினார்கள். கூலி, டவுனில் மற்றவர்கள் கேட்பதைவிடச் சற்று அதிகம். ஆனால் மெகர் சோதனைக்கெனத் தனியாக எதுவும் வாங்கவில்லை.

வயதானவர்கள் மட்டும் இருக்கும் பழைய வீடுகளுக்கு இவர்களைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். அழைப்பதென்றால் ஆவணிக்குள் அழைத்துவிடுங்கள். ஐப்பசியில் மழை பிடித்துவிட்டால் சுண்ணாம்புச் சுவர் ஈரம் கோத்து, காடி வெட்டுவதும் கேசிங் ஒட்டுவதும் நடக்காது. தை பிறக்கும்வரை அவசர வேலையைத் தவிர வேறெதையும் அவர்கள் ஏற்பதில்லை.