நீட்டா, பிளஸ் டூ மார்க்கா? நண்பனோடு தீராத வழக்கு

நானும் அவனும் கல்லூரிக் காலத்து நண்பர்கள். அரசியலில் எதிரெதிர்த் துருவம். மே மாதம் மருத்துவப் படிப்புக்கான அகில இந்திய நுழைவுத் தேர்வான நீட் வந்துவிட்டால் டீ ஆறிப்போகும் வரை சண்டைதான். இந்த வருடம் நான் ஒரு நிபந்தனை போட்டேன்: "கட்சியை ஓரமா வைடா. அப்பா கூலி வேலை, பிள்ளை அரசுப் பள்ளி. அந்தப் பிள்ளை டாக்டராக எந்த வழி நல்லது? அதை மட்டும் பேசுவோம்." சரி என்றான்.

நான் பிளஸ் டூ மார்க்கின் பக்கம், அவன் நீட்டின் பக்கம். 1984 முதல் தமிழ்நாட்டில் நடந்துவந்த நுழைவுத் தேர்வை, அரசு அமைத்த அனந்தகிருஷ்ணன் குழு சொன்னபின் 2006 சட்டம் நீக்கியது. உயிரியலுக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200க்குக் கட் ஆஃப். பள்ளிக்கூடத்து வாத்தியார் நடத்தும் பாடத்தில்தான் தேர்வு. வேறு யாருக்கும் காசு கட்ட வேண்டியதில்லை.

"காசு கட்டலையா? நாமக்கல்லை மறந்துட்டியா மாப்ள?" என்றான்.

மறக்கவில்லை. பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை மூட்டை கட்டிவிட்டு, பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தையே இரண்டு வருடம் உருப்போட வைத்த விடுதிப் பள்ளிகள் அந்தக் காலத்தில்தான் கொழித்தன. கால் மார்க்கில் சீட்டு கைநழுவியது. அப்போதும் மருத்துவக் கல்லூரிக்குள் நுழைந்த அரசுப் பள்ளிப் பிள்ளைகள் மிகக் குறைவு. இந்த இடத்தில் அவன் சொல்வது முழு உண்மை.

ஆனால் நீட் அந்த நோயைத் தீர்த்ததா? 180 கேள்வி, 720 மார்க், தப்பான விடைக்கு ஒரு மார்க் கழிவு. இரண்டு வருடப் பாடத்தையும் படித்தாக வேண்டும் என்பது அதன் நல்ல அம்சம். பாடத்திட்டம் வேறு என்ற நம் பழைய வாதமும் 2018இல் புதிய புத்தகங்கள் வரத் தொடங்கியபின் பலம் குறைந்துவிட்டது; அதையும் ஒத்துக்கொள்கிறேன். இப்போது தடுப்பது பாடம் இல்லை, காலம். நீட் வருவதற்கு முன் மருத்துவச் சீட்டு பெற்றவர்களில் பழைய மாணவர்கள், அதாவது முந்தைய வருடங்களிலேயே பள்ளி முடித்தவர்கள், 12.47 சதவீதம். 2020-21இல் 71.42 சதவீதம் என்கிறது நீட்டின் பாதிப்பை ஆராயத் தமிழக அரசு அமைத்த ஏ.கே. ராஜன் குழுவின் அறிக்கை. அதாவது பள்ளி முடித்த கையோடு உள்ளே போவது அபூர்வமாகிவிட்டது. ஒரு வருடம் வேலைக்கும் போகாமல் கோச்சிங்குக்குப் பணமும் கட்டி உட்கார, எந்தக் கூலிக்காரர் வீட்டில் முடியும்? அதுவும் பெண் பிள்ளை என்றால், "கிடைச்ச காலேஜ்ல சேர்ந்துரும்மா" என்ற பேச்சு முதல் வாரத்திலேயே வந்துவிடும். நாமக்கல்லும் எங்கும் போய்விடவில்லை. அங்கே இப்போது நீட் பயிற்சி மையங்கள்.

2024 நீட்டை நான் எடுத்ததும் அவன் குரல் இறங்கியது. முதலில் வந்த முடிவில் 67 பேருக்கு முழு மார்க், 1,563 பேருக்குக் கருணை மதிப்பெண், பாட்னாவிலும் ஹசாரிபாகிலும் வினாத்தாள் கசிவு. நாடு முழுக்க ஒரே தேர்வு, ஒரே நியாயம் என்ற அவனுடைய வாதத்துக்கு அதைவிடப் பெரிய அடி கிடையாது.

மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது. எங்கள் சண்டையில் வராத, ஆனால் உண்மையில் வேலை செய்த வழி. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவச் சீட்டில் தமிழக அரசு அமைத்த நீதிபதி கலையரசன் குழு 10 சதவீதம் கேட்டது, 2020இல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு சட்டமானது. தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தாலும் கட்டணத்தை அரசே கட்டுகிறது. அந்தப் பிள்ளைக்கு நீட் இருக்கும்போதே கதவு திறந்தது இதனால்தான். நீட் நாளை போனாலும் இது இருந்தாக வேண்டும். வெறும் பிளஸ் டூ மார்க்குக்குத் திரும்பினால் பழைய விடுதிப் பள்ளிகள்தான் மறுபடி ஜெயிக்கும். என் தேர்வு: பிளஸ் டூ மார்க், கூடவே 7.5. அவன் தேர்வு: நீட், கூடவே 7.5.

ஒத்துப்போன அந்த ஒற்றைப் புள்ளியிலும் அவன் ஒரு கேள்வி வைத்தான். "எங்க தெருவுல ஒரு பொண்ணு, அரசு உதவி பெறும் பள்ளியில தமிழ் வழியில படிக்குது. அப்பா மூட்டை தூக்குறார். அதுக்கு 7.5 கிடையாது. பக்கத்துல அரசுப் பள்ளி இல்லாததுதான் அது செஞ்ச தப்பா?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்தப் பெண்ணுக்குப் பழைய உயிரியல் புத்தகங்கள் தேடித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.