ஏழு கோடைகளும் ஒரு மூலை ஒழுக்கும்

"அண்ணை, உங்கட ட்ரெய்லர் எப்பிடி? ஒண்டு பழசு பாத்து வைச்சிருக்கிறன், எடுக்கலாமோ?" என்று நண்பர் ஒருவர் சென்ற கிழமை தொலைபேசியில் கேட்டார். முன்பக்க இடது மூலையைத் திருத்துவித்து, அதற்கு 3,400 டொலர் கட்டிவிட்டு வந்து இரண்டு நாள்கூட ஆகாத நேரத்தில் கேட்டது அவருடைய கெட்ட காலம். அன்று நான் சொன்ன பதிலில் கோபம் மிகுந்திருந்தது. ஆறுதலாக இருந்து எழுதினால் நியாயமாக எழுதலாம் என்று எண்ணித் தொடங்குகிறேன்.

கனடாவின் ஒன்ராறியோவில் 'கரவன்' என்று சொன்னால் எங்கள் ஆட்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது வின்சரில் செய்த டொட்ஜ் கரவன் வான்தான் என்பதால், ட்ரெய்லர் என்றே எழுதுகிறேன். பிக்கப் ட்ரக்கின் பின்னால் இழுத்துச் சென்று, போன இடத்தில் உள்ளேயே படுத்துத் தங்கும் 24 அடி வண்டி, மரச்சட்டத்தின் மேல் அலுமினியத் தகடு அடித்தது, 2015இல் செய்யப்பட்டது. 2018 இலையுதிர் காலத்தில் இரண்டாம் கையாக வாங்கினேன். அல்கொன்குவின், சான்ட்பாங்ஸ், கில்பெயர் என்று மாகாணப் பூங்காக்களில் ஏழு கோடைகள் அதில் சுற்றியிருக்கிறோம். இத்தனை ஆண்டுகளில் அது ஒருநாளும் எங்களை நெடுஞ்சாலையோரத்தில் நிறுத்தி வைக்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

அதற்குக் காரணம், உருளும் பகுதிகளில் நான் காட்டிய பயம். ட்ரெய்லரின் ரயர் தேய்ந்து முடிவது அரிது; வெயிலிலும் குளிரிலும் சும்மா நின்றே அது பழுதாகிறது. ஆகவே தடத்தின் ஆழத்தைப் பார்த்து ஏமாறாமல் பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கங்களைப் பார்க்க வேண்டும்; 2315 என்றிருந்தால் அது 2015ஆம் ஆண்டின் 23ஆவது கிழமையில் செய்தது. புதிது போலவே தோன்றிய நான்கு ரயர்களையும் ஐந்து வயதானதும் மாற்றினேன். ஆண்டுக்கொரு முறை சில்லுகளைக் கழற்றி, அவற்றைச் சுழலவிடும் பெயரிங்குகளைக் கழுவிப் புதுக் கிறீஸ் வைத்துப் பூட்டுவிக்கிறேன். பூட்டிய பின் முதல் 80 கிலோமீற்றருக்குள் நட்களின் இறுக்கத்தை மறுபடி அளந்து பார்க்கிறேன். பயணத்தில் பெற்றோலுக்கு நிற்கும் ஒவ்வொரு தடவையும் நான்கு சில்லுகளின் நடுவிலும் புறங்கையை வைத்துச் சூடு பார்ப்பேன். பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பது போல இருக்கிறது என்று மனைவி சிரிப்பார். ஒன்று மட்டும் மற்ற மூன்றையும்விடச் சுட்டால் அங்கே பெயரிங்கோ பிரேக்கோ சரியில்லை என்று பொருள். 2022இல் பரி சவுண்ட் ஊருக்கு முன்னால் அப்படி ஒன்றைக் கையாலேயே கண்டுபிடித்தோம்.

இவ்வளவு கவனமாக இருந்தவனை வண்டி நின்ற இடத்திலேயே தோற்கடித்தது. ஆண்டில் எட்டு மாதத்துக்கு மேல் அது நகரத்துக்கு வெளியே, மாத வாடகைக்கு விடும் ஒரு திறந்த திடலில் நிற்கிறது. ஒக்டோபரில் வரும் நன்றியறிதல் நாள் விடுமுறைக்குள் குழாய்த் தண்ணீரை வெளியேற்றி, உறையாத இளஞ்சிவப்புத் திரவத்தைச் செலுத்தி, பற்றரியைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டால் கடமை முடிந்தது என்றே நினைத்திருந்தேன். கூரையை நினைக்கவில்லை.

ட்ரெய்லரின் கூரை என்பது பிளைவுட் பலகையின் மேல் ஒட்டிய ரப்பர் விரிப்பு. காற்றுப் போக்கிக்கும் வெளிச்சத்துக்கும் கழிவறைக் குழாய்க்குமாக அதில் பல இடங்களில் துளை வெட்டியிருப்பார்கள். கூரையும் சுவரும் கூடும் ஓரங்களில் அலுமினியப் பட்டையை வைத்துத் திருகாணிகளால் இறுக்கியிருப்பார்கள். இவை எல்லாவற்றையும் தண்ணீரிலிருந்து காப்பது இடைவெளியை அடைக்கும் சீலன்ற் பசையும், பட்டைக்கு அடியில் உள்ள பியூட்டைல் என்ற ஒட்டும் ரப்பர் நாடாவும் மட்டுமே. ஓடும்போது வண்டி முழுவதும் முறுகுகிறது. வெயிலில் பசை காய்ந்து மயிரிழை போல வெடிக்கிறது. அதற்குள் இறங்கிய நீர் உறைந்து ஏறத்தாழ 9 விழுக்காடு விரிந்து, வெடிப்பை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டு உருகுகிறது. எங்கள் பனிக்காலத்தில் இது ஓரிரு முறை நடப்பதல்ல. மார்ச்சில் பகலில் உருகி இரவில் உறைவதே வழக்கம். தரையில் தண்ணீர் சொட்டினாலாவது தெரிந்திருக்கும். இது சுவருக்குள் இறங்கி மரத்தைக் குடித்துக்கொண்டு சத்தமில்லாமல் இருந்தது.

சென்ற ஏப்ரலில் முன்கட்டிலுக்கு மேலுள்ள அலுமாரியைத் திறந்தபோது பழைய கிணற்றடி மணம் வந்தது. சுவரைப் பெருவிரலால் அழுத்தினேன். விரல் போன இடத்தில் குழி விழுந்து அப்படியே நின்றது. திருத்துபவர் வெளிப்புறத்து மூலைப் பட்டையின் திருகாணிகளுக்குத் திருப்புளியையே எடுக்கவில்லை. விரலால் இழுத்தார், துருப்பிடித்துச் சிவந்து மெலிந்த ஆணிகள் ஒவ்வொன்றாகக் கையோடு வந்தன. உள்ளே இருந்த மரச்சட்டத்தைத் தேநீரில் ஊறிய பிஸ்கற்றை அள்ளுவது போலக் கரண்டியால் அள்ளினார். அந்த மூலையில்தான் என் மகள் ஏழு கோடையும் தலைவைத்துப் படுத்தாள்.

கோபம் வருவது இங்கேதான். விற்றவர்கள் "கூரை புதிதாக அடைத்தது" என்று எழுத்தில் தந்திருந்தார்கள். அடைத்தது உண்மை, கடையில் மலிவாகக் கிடைக்கும் குளியலறைச் சிலிக்கோனைப் பழைய வெடிப்பின் மேலேயே பூசியிருந்தார்கள். சிலிக்கோன் அந்த ரப்பரில் உறுதியாகப் பிடிக்காது. பூசிய இடத்தின் மேல் பிறகு வேறு எந்தப் பசையும் ஒட்டாது. அதைச் சுரண்டி எடுக்கவே திருத்துபவருக்கு அரை நாள் போயிற்று, அந்த அரை நாளுக்கும் கூலி கட்டியது நான். சமதளமான இடத்துக்குத் தானாகப் பரவி மட்டமாகும் சீலன்ற், செங்குத்தான ஓரத்துக்கு வழியாத சீலன்ற் என்று இதற்கென்றே தனித்தனியாக விற்கிறார்கள். விலையிலும் பெரிய வேறுபாடு இல்லை.

ஆனால் நியாயமாகப் பேசுவதென்றால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூரையில் ஏறி ஒவ்வொரு ஓரத்தையும் பார்க்கச் சொல்லி வண்டியோடு வந்த கையேட்டில் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறது. நான் ஏழு ஆண்டில் ஏறியது நான்கு முறை, அதில் ஒன்று பந்து எடுக்க. சூடு பார்த்த கைக்கு ஏணியை எடுக்கப் பஞ்சியாக இருந்தது.

வண்டியைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. காஸ் சுவாலையின் சூட்டால் குளிர்விக்கும் அதன் குளிர்சாதனப் பெட்டி, வண்டியைச் சமமாக நிறுத்தினால் போதும், மின்சாரம் இல்லாத முகாமிலும் மூன்று நாள் மீனைக் கெடாமல் வைத்திருந்திருக்கிறது, ஓசையே கிடையாது. ஐந்து மாதத்துக்கு முன்பே காலை ஏழு மணிக்குக் கணினியின் முன் குந்தியிருந்து இடம் பிடித்த கில்பெயரில், ஜோர்ஜியன் குடாவிலிருந்து வந்த மழை அந்தத் தகட்டுக் கூரையோரம் கொட்ட, உள்ளே கணப்பைப் போட்டுவிட்டுப் புட்டும் சம்பலும் சாப்பிட்ட இரவுகளுக்கு நான் வேறெதையும் ஈடாக வைக்கமாட்டேன். அதே மழைதான் அன்றும் மூலைக்குள் இறங்கியிருக்கிறது என்று இப்போது தெரிந்துகொண்டு நினைக்கையிலும் அந்த இரவுகளின் அருமை குறையவில்லை.

இருந்தும் நண்பருக்கு என் பதில்: வாங்க வேண்டாம். இரண்டு கோடைக்கு வாடகைக்கு எடுத்துப் போய்வாருங்கள்; கூரையில் வேறு யாராவது ஏறட்டும்.

என் சொல்லைக் கேட்காமல் வாங்கத்தான் போகிறார் என்று அவருடைய குரலிலேயே தெரிந்தது. அப்படியானால் மழை பெய்த மறுநாள் பார்க்கப் போங்கள். மரத்தில் இரண்டு ஊசியைக் குத்தி ஈரம் காட்டும் சிறிய மானி இரும்புக் கடைகளில் கிடைக்கும். அதைக் கொண்டுபோய் நான்கு மூலைகளிலும், ஜன்னல்களுக்குக் கீழேயும், கட்டிலுக்கு அடியிலும் வைத்துப் பாருங்கள். காஸ் கசிவை அறிவிக்கும் கருவிக்குக் காலாவதித் திகதி உண்டு, அதையும் பாருங்கள். பிறகு முன்பக்க அலுமாரியைத் திறந்து மூக்கை உள்ளே விடுங்கள். கிணற்றடி மணந்தால் விலையைக் குறைத்துக் கேட்கலாம். வாசனைத் திரவியம் மணந்தால் கதவைச் சாத்திவிட்டு வந்துவிடுங்கள்.